டிராக்கில் மட்டும் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த விண்ட்ஷீல்டு போடுவது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ரோட்டில் ஓட்டுவதை நிறுத்திவிட்டு டிராக்குக்கு மட்டும் என்று ஒதுக்கியவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். முன்னால் போகிற காரின் டயரிலிருந்து ஒரு கல் தெறித்து விண்ட்ஷீல்டில் விரிசல் விழும், இல்லையென்றால் பெயின்ட் வேலைக்காகக் கண்ணாடியைக் கழற்றப்போய் மூலையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த மாடலுக்குக் கண்ணாடி செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருக்கும். பக்கத்தில் நிற்கிற நண்பர் உடனே, "அதான் ரோட்டுக்கே போகப்போவதில்லையே, லெக்ஸான் பிளாஸ்டிக் போட்டுவிடு, எடையும் குறையும், உடையவும் உடையாது" என்பார்.

அவர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி தெரியாமல் போட்டால், இரண்டு மூன்று முறை டிராக்குக்குப் போய்வந்த பிறகு, மாலை வெயில் முகத்துக்கு நேராக அடிக்கும்போது முன்னால் ஒன்றுமே தெரியாமல் வளைவுக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

முதலில் விண்ட்ஷீல்டு என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். காற்றைத் தடுக்கிறது, பறந்து வருவதைத் தடுக்கிறது, இதையெல்லாம் செய்துகொண்டே நம்மைப் பார்க்கவும் விடுகிறது. இன்றைய கார்களில் இதற்கு நான்காவது வேலையும் உண்டு. கண்ணாடியைப் பசை போட்டு பாடியோடு ஒட்டிவிடுவதால் பாடியின் விறைப்பில் அதற்கும் பங்கு இருக்கிறது. ஆனால் பழைய கார்களில் பெரும்பாலும் கண்ணாடி ஒரு ரப்பர் பீடிங்கில்தான் உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றினாலும் பாடியின் வலுவில் பெரிய வித்தியாசம் வராது, அதுவும் உள்ளே ரோல் கேஜ் (கார் உருண்டாலும் நசுங்காமல் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) போட்டிருந்தால் கவலையே இல்லை. அதனால்தான் பழைய காரில் பொருளை மாற்றிப் போட நமக்குச் சுதந்திரம் இருக்கிறது.

அந்த மூன்று வேலைகளில் எதற்கு முதலிடம் என்று கேட்டால், நான் பார்வைக்குத்தான் கொடுப்பேன். எடைக்கு மூன்றாவது இடம்கூட யோசித்துத்தான்.

சரி, என்னென்ன பொருள் கிடைக்கிறது? கண்ணாடியில் இரண்டு வகை, பிளாஸ்டிக்கில் இரண்டு வகை, அவ்வளவுதான்.

முதல் வகை டெம்பர்டு கண்ணாடி, டஃபன்டு என்றும் சொல்வார்கள். கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, குளிர்ந்த காற்றை வேகமாக அடித்து மேற்பரப்பை மட்டும் சட்டென்று ஆறவைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்பகுதி பிறகு மெதுவாகச் சுருங்கும்போது மேல்தோலையும் சேர்த்து இழுத்து அழுத்தத்தில் வைத்துவிடும். இந்த அழுத்தம்தான் அதன் பலம். உடைந்தால் கத்தி மாதிரி நீளத் துண்டாக வராமல் கற்கண்டு மாதிரிச் சின்னச் சின்னக் கட்டிகளாக உதிரும். பக்கவாட்டுக் கண்ணாடிக்கு இது நல்ல பொருள். முன்கண்ணாடிக்கு மோசமான பொருள், ஏனென்றால் ஒரு சின்னக் கல் சரியான இடத்தில் பட்டால் போதும், கண்ணாடி முழுக்க ஒரே நொடியில் வெள்ளையாகிவிடும். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பினால் எப்படி இருக்கும்! 1960களிலும் 70களிலும் வந்த பல ஐரோப்பியக் கார்களில் விண்ட்ஷீல்டே இந்த வகைதான். ஓட்டுபவர் கையால் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டு வண்டியை ஓரம் கட்டிய கதைகளெல்லாம் அந்தக் காலத்தில் சகஜம். இதைச் சமாளிக்க, ஓட்டுபவருக்கு நேர் எதிரே மட்டும் கொஞ்சம் பெரிய துண்டுகளாக உடையும்படி செய்த கண்ணாடிகளும் வந்தன, அந்தத் துண்டுகளின் ஊடாகக் கொஞ்சமாவது தெரியும் என்பதற்காக.

இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் காரில் இப்போது இருப்பதே இந்த வகையாக இருக்கலாம். ஒரிஜினல் கண்ணாடி அப்படியே இருக்கிறது என்று பெருமைப்படும் முன்னால் அதன் மூலையில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்துப் பாருங்கள். எழுத்து அழிந்துபோயிருந்தால் போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சாய்வாகப் பாருங்கள், டெம்பர்டு கண்ணாடியில் புள்ளி புள்ளியாகவோ பட்டை பட்டையாகவோ ஒரு கோலம் தெரியும். குளிர்காற்று அடித்த தடம் அது. டிராக்கில் முன்னால் இதை வைத்து ஓட்டாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இரண்டாவது வகை லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் பிவிபி என்ற ஒரு பிளாஸ்டிக் படலம், பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர் தடிமன். கல் பட்டால் விரியும், ஆனால் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். விரிசல் பட்ட இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் தெளிவாகத் தெரியும், மெதுவாக பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் காரை நிறுத்திப் பழுது பார்க்கும் இடத்துக்கு, திரும்பி வந்துவிடலாம். இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. 1903இல் பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார்ட் பெனெடிக்டஸ் தன் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தவறிக் கீழே போட்டார். அது உடைந்தது, ஆனால் சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் திரவம் காய்ந்து ஒரு மெல்லிய தோலாகப் படிந்திருந்தது, அதுதான் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1909இல் அவர் வாங்கிய காப்புரிமை. ஆரம்பத்தில் நடுவில் செல்லுலாய்டு வைத்தார்கள், அது வெயிலில் மஞ்சளாகிவிடும். 1930களின் பிற்பகுதியில் பிவிபி வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

மூன்றாவது, அக்ரிலிக். பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்பதெல்லாம் இதன் வியாபாரப் பெயர்கள்தான். எடை கண்ணாடியில் பாதிகூட இல்லை, ஒளியை ஏறக்குறைய 92 சதவீதம் உள்ளே விடும், வெயிலில் லேசில் மஞ்சளாகாது, கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். இவ்வளவு நல்ல குணமும் இருந்து என்ன, அது உடையும், அதுவும் கூரான துண்டுகளாக உடையும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் மேல்மூடி பெர்ஸ்பெக்ஸில்தான் செய்யப்பட்டது. குண்டு பட்டு அது சிதறியபோது துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் போய்த் தங்கின. ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர், அந்தத் துண்டுகளைக் கண் ஏற்றுக்கொண்டு சும்மா இருப்பதைக் கவனித்து, 1949இல் அதே பொருளில் செயற்கை லென்ஸ் செய்து கண்ணுக்குள் பொருத்தினார். இன்று கண்புரை அறுவை செய்துகொள்ளும் எல்லோரும் அந்தக் கவனிப்புக்குக் கடன்பட்டவர்கள். உலகத்துக்கு நல்லது நடந்தது, சரி. ஆனால் நம் காருக்கு அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, அடிபட்டால் அக்ரிலிக் கண்ணுக்குள் போகும் அளவுக்குச் சிதறும் என்பதுதான். தீப்பிடித்தால் நன்றாக எரியவும் செய்யும்.

நான்காவது, பாலிகார்பனேட். நண்பர் சொன்ன லெக்ஸான் இதுதான். ஜெர்மனியில் பேயர் நிறுவனத்திலும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலும் 1953இல் ஒருவருக்கொருவர் தெரியாமல் கண்டுபிடித்தார்கள். ஜெர்மனியில் மேக்ரோலான் என்று பெயர் வைத்தார்கள், அமெரிக்காவில் லெக்ஸான். சுத்தியலால் அடித்தால் குழியும், வளையும், லேசில் உடையாது. நிலவுக்குப் போன அப்பல்லோ விண்வெளி வீரர்களின் உருண்டை ஹெல்மெட் இதுதான். நீங்கள் தலையில் போடும் ரேஸ் ஹெல்மெட்டின் வைசரும் அநேகமாக இதுதான். கார் பந்தயத்தில் பிளாஸ்டிக் விண்ட்ஷீல்டு என்றால் பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். அக்ரிலிக்கையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓரத்துத் துண்டு ஒன்றை வாங்கி வைஸில் கவ்வி வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், பாலிகார்பனேட் மடங்கும், அக்ரிலிக் 'படார்' என்று உடையும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அப்படியானால் பாலிகார்பனேட்தானே பதில், பேச்சை முடித்துவிடலாமே என்றால், இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம், எல்லோரும் அதைச் சொல்லித்தான் இதை வாங்குகிறார்கள். சின்ன ஸ்போர்ட்ஸ் காரின் விண்ட்ஷீல்டு பரப்பை 0.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியின் அடர்த்தி தண்ணீரைப்போல 2.5 மடங்கு, பாலிகார்பனேட் 1.2 மடங்கு. பழைய கால லேமினேட்டட், இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் சுமார் 9.5 கிலோ வரும். இப்போது செய்கிற மெல்லிய லேமினேட்டட், 2.1 மில்லிமீட்டர் தகடு இரண்டு என்றால் சுமார் 6.8 கிலோ. 5 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் 3.6 கிலோ. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய பட்டைகள், ஸ்க்ரூ, வாஷர் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். ஆக மிச்சமாவது மூன்றிலிருந்து ஐந்து கிலோ. டேங்கில் ஆறு லிட்டர் பெட்ரோல் குறைத்துப் போட்டால் அதே அளவு எடை குறைந்துவிடும். கண்ணாடி காரின் உயரத்தில் இருக்கிறது, அங்கே குறையும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் காரின் சாய்வைக் குறைக்கும் என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காரணத்துக்காகத்தான் என்றால் முதலில் பக்கக் கண்ணாடிகளையும் பின்கண்ணாடியையும் மாற்றுங்கள். அவற்றின் மொத்த எடை பெரும்பாலும் முன்கண்ணாடியைவிட அதிகம், அவற்றில் கீறல் விழுந்தாலும் உயிர் போகாது, 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனே போதும்.

அடுத்தது காற்று. பாலிகார்பனேட் உடையாது என்பதும் விறைப்பாக இருக்கும் என்பதும் வேறு வேறு விஷயம். ஒரே தடிமனில் கண்ணாடி அதைவிடக் கிட்டத்தட்ட முப்பது மடங்கு விறைப்பு. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 190 கிலோ எடையை வைத்ததற்குச் சமம். சாய்வான கண்ணாடியில் இவ்வளவும் விழாது, ஆனால் விழுகிற பங்கே தகட்டின் நடுப்பகுதியை உள்ளே தள்ளப் போதும். மேல் விளிம்பில், கூரை ஆரம்பிக்கிற இடத்தில், காற்று நேர்மாறாக வெளியே இழுக்கும். பக்கவாட்டு ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே காற்று ஏறி, அதுவும் சேர்ந்து வெளியே தள்ளும். இப்படி உள்ளும் புறமும் மூச்சுவிடுகிற தகட்டை வெறும் ரப்பர் பீடிங்கில் மாட்டி வைத்தால் ஒருநாள் அது பீடிங்கிலிருந்து நழுவி வெளியே வரத்தான் செய்யும். டிராக்கின் நேர்ப்பகுதியில் பின்கண்ணாடி இப்படிக் கழன்று பறப்பது அடிக்கடி நடக்கிற கதை. அதனால்தான் பந்தயக் கார்களில் விண்ட்ஷீல்டுக்கு உள்பக்கம் செங்குத்தாக ஒன்றிரண்டு உலோகப் பட்டைகள், வெளிப்பக்கம் சிறு கிளிப்புகள், சுற்றிலும் ஸ்க்ரூ என்று பார்க்கிறோம். அழகுக்கு வைத்ததில்லை. தடிமன் கூடினால் விறைப்பு மும்மடிக் கணக்கில் ஏறும், அதாவது 3 மில்லிமீட்டருக்குப் பதில் 6 போட்டால் எட்டு மடங்கு. முன்பக்கத்துக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் என்று சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஸ்க்ரூ போடுவது என்று வந்துவிட்டால் வெப்பத்தையும் யோசிக்க வேண்டும், புதிதாகச் செய்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பிளாஸ்டிக் சூட்டில் நன்றாக விரியும். 1.3 மீட்டர் அகலத் தகடு, காலைக் குளிரிலிருந்து மதிய வெயிலுக்கு 40 டிகிரி ஏறினால் சுமார் 3.4 மில்லிமீட்டர் நீளும். அதே நேரத்தில் இரும்பு ஃப்ரேம் 0.6 மில்லிமீட்டர்தான் நீளும். வித்தியாசம் 2.8, நடுவில் பிடித்து வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 1.4. எனவே 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 8 மில்லிமீட்டர் துளை போட்டால் சரியாக இருக்கும், சுற்றிலும் 1.5 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. தலை தட்டையான ஸ்க்ரூவும் அகலமான வாஷரும், அதற்கு அடியில் மெல்லிய ரப்பரும் போட்டு, தகடு நகர்வதற்கு இடம் விட்டு மிதமாக முடுக்குங்கள். தலை உள்ளே புதைகிற மாதிரி கூம்புத் துளை போடாதீர்கள், அந்தக் கூம்பு ஆப்பு மாதிரி தகட்டைப் பிளக்கும். விளிம்பிலிருந்து துளை, அதன் விட்டத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும். துளையின் உள்சுவரையும் தகட்டின் விளிம்பையும் வழுவழுப்பாகத் தேய்த்துவிட வேண்டும், ஏனென்றால் எந்த விரிசலும் ஒரு சின்னப் பிசிரிலிருந்துதான் தொடங்கும்.

ரசாயனம் இன்னொரு எதிரி. பாலிகார்பனேட் அடியைத் தாங்கும், ஆனால் சில திரவங்கள் பட்டால், அதுவும் இழுவிசையில் இருக்கும் இடத்தில் பட்டால், மயிர்க்கோடு மயிர்க்கோடாக வெடித்துவிடும். பெட்ரோல், பிரேக் கிளீனர், அசிட்டோன், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் எல்லாமே ஆகாது. என் சொந்த அனுபவம் ஒன்று: ஒரு பக்கக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிரேக் கிளீனர் அடித்தேன், சாரல் கொஞ்சம் பட்டது, துடைத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் சூரியனை வரைந்தது மாதிரி கதிர் கதிராகக் கோடு. அதைவிட யாரும் எதிர்பார்க்காத எதிரி ஒன்று இருக்கிறது, ஸ்க்ரூ தளராமல் இருக்கப் போடுகிற திரேட்லாக்கர் பசை. அது பாலிகார்பனேட்டைத் தின்றுவிடும். தளராமல் இருக்க வேண்டுமானால் நைலான் வைத்த நட்டைப் போடுங்கள். மெத்தென்ற பிவிசி பீடிங்கிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருளும் நாளாவட்டத்தில் இதே வேலையைச் செய்யும். சிலிக்கோன் போடுவதாக இருந்தால் புளிச்ச காடி வாசம் அடிக்கிற வகையை விட்டுவிட்டு நியூட்ரல் க்யூர் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

இனி கீறல். நான் பார்வைக்கு முதலிடம் என்று சொன்னதன் காரணமே இதுதான். மேல்பூச்சு இல்லாத பாலிகார்பனேட்டை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தாலே மெல்லிய கோடுகள் விழும். போதாக்குறைக்கு அதில் நிலைமின்சாரம் ஏறித் தூசியைக் காந்தம் மாதிரி இழுத்து வைத்துக்கொள்ளும், அந்தத் தூசியோடு சேர்த்துத் துடைப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். வைப்பர் ஓடினால் முடிந்தது கதை, இரண்டு அரைவட்டங்கள் நிரந்தரமாகப் பதிந்துவிடும். நிழலில் நிற்கும்போது இதெல்லாம் தெரியாது. தாழ்ந்த சூரியன் எதிரே வரும்போது ஒவ்வொரு கீறலும் ஒளியைச் சிதறடித்து, விண்ட்ஷீல்டு முழுக்கப் பால் ஊற்றியது மாதிரி ஆகிவிடும். அதனால் முன்பக்கத்துக்குப் பாலிகார்பனேட் என்றால் இரண்டு பக்கமும் ஹார்டு கோட், அதாவது கீறலைத் தாங்கும் கடினப் பூச்சு, போட்டதாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பூச்சு இல்லாத தகடு மலிவாகக் கிடைக்கும், அதைப் பார்த்து மயங்காதீர்கள். கோட் இருந்தாலும் கண்ணாடிக்கு ஈடாகாது, மழையில் வைப்பர் போட்டு ஓட்டலாம் என்ற அளவுக்குத்தான் அது. கழுவும்போது முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை ஓடவிட்டு, பிறகு மென்மையான சோப்பு நீர், பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணி. பேப்பர் டவல் பக்கமே போகக் கூடாது. பந்தயக் குழுக்கள் வெளிப்பக்கத்தில் மெல்லிய பாலியெஸ்டர் ஃபிலிம்களை அடுக்கி ஒட்டி, அழுக்கானால் ஒவ்வொன்றாக உரித்து எறிவார்கள். வசதி இருந்தால் அது மிக நல்ல ஏற்பாடு.

கீறல் இல்லாத புதுத் தகட்டிலும் இன்னொரு பார்வைக் கோளாறு வரலாம், நெளிவு. தகட்டின் இரண்டு பக்கமும் துல்லியமாக இணையாக இல்லாவிட்டால், அல்லது அச்சில் வளைக்கும்போது ஓரிடத்தில் கொஞ்சம் இழுபட்டுவிட்டால், அதன் வழியே பார்க்கிற உலகமும் நெளியும். கண்ணாடி எவ்வளவு சாய்வாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இது அதிகமாகத் தெரியும். 2017இல் சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா 1 பயிற்சிச் சுற்றில் செபாஸ்டியன் வெட்டல் தன் காரில் 'ஷீல்டு' என்ற வளைந்த ஒளிபுகும் தடுப்பைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். தலை சுற்றுகிறது என்று சொல்லி உடனே கழற்றச் சொல்லிவிட்டார், அடுத்த வருஷம் அதற்குப் பதிலாக ஹேலோ என்ற, ஓட்டுநரின் தலையைச் சுற்றி வரும் உலோக வளையம் வந்தது. அவ்வளவு வசதி இருக்கிற இடத்திலேயே இந்தக் கதி என்றால் நாம் வாங்கும் தகட்டைப் பொருத்துவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது எவ்வளவு அவசியம் பாருங்கள். சோதிப்பது சுலபம். காரில் அது எந்தச் சாய்வில் நிற்குமோ அதே சாய்வில் பிடித்துக்கொண்டு, உங்கள் கண் எவ்வளவு தூரத்தில் இருக்குமோ அங்கிருந்து, தூரத்தில் உள்ள ஒரு நேர்க்கோட்டை, வேலியோ சுவர் விளிம்போ, பார்த்தபடி தலையை மெல்ல அசையுங்கள். கோடு பாம்பாக நெளிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் இந்தத் தொல்லையைத் தாண்டிவர முடியாது என்றும் இல்லை. 2020இலிருந்து அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்தில் ஓட்டுநரைச் சுற்றி வரும் ஏரோஸ்கிரீன் என்ற தடுப்பு லேமினேட் செய்த பாலிகார்பனேட்தான், அதில் பனி படியாமல் இருக்க ஹீட்டரும் உண்டு.

வளைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கார் விண்ட்ஷீல்டு தட்டையாகவோ, ஒரே திசையில் மட்டும் மெல்ல வளைந்தோ இருந்தால் நேரான தகட்டைக் குளிரிலேயே வளைத்து மாட்டலாம். வளைவின் ஆரம் தடிமனைப்போல நூறு மடங்காவது இருக்க வேண்டும், அதாவது 5 மில்லிமீட்டர் தகட்டுக்கு அரை மீட்டர். ஹார்டு கோட் போட்டதற்கு இன்னும் அதிகம் வேண்டும், சில பூச்சுகளை வளைக்கவே கூடாது, பூச்சு வெடித்துவிடும். இரண்டு திசையிலும் வளைந்த விண்ட்ஷீல்டு என்றால் அச்சு வைத்துச் சூடாக்கித்தான் செய்ய வேண்டும், பூச்சையும் அதற்குப் பிறகு போட வேண்டும். பாலிகார்பனேட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். முன்கூட்டியே 120 டிகிரி சூட்டில் பல மணி நேரம் உலர்த்தாமல் நேராக அச்சுக்குக் கொண்டுபோனால் உள்ளே சோடா மாதிரி குமிழி குமிழியாக வந்துவிடும். வீட்டு ஷெட்டில் ஹீட் கன் வைத்துச் செய்கிற வேலை இது இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று நினைக்கத் தோன்றும். அதுவும் சரியில்லை. கல்லைவிடப் பெரியதும் டிராக்கில் பறக்கும். 2009இல் ஹங்கேரியில் முன்னால் போன காரிலிருந்து கழன்ற சுமார் 800 கிராம் ஸ்பிரிங் ஒன்று ஃபார்முலா 1 ஓட்டுநர் ஃபெலிப் மாசாவின் ஹெல்மெட்டில் வந்து அடித்தது, பலத்த காயத்தோடு உயிர் தப்பினார். திறந்த காரில் நடந்ததுதான், ஆனால் பறக்கும் ஸ்பிரிங் கார் பார்த்து வராது. கணக்குப் பார்த்தால், 20 கிராம் கல் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் 25 ஜூல். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு, எடை நாற்பது மடங்கானால் நாற்பது மடங்கு. சின்னக் கல்லுக்கு லேமினேட்டட் தாராளம், மேலே விரியும், உள்ளே வராது. கனமான இரும்புத் துண்டுக்கு, நன்றாகத் தாங்கிப் பிடித்த தடிமனான பாலிகார்பனேட்தான் நல்ல தடுப்பு. நெருக்கமாக முட்டி மோதி ஓடும் பந்தயத்தில் இருப்பவர்கள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

ஆக, என்னைக் கேட்டால் இப்படித்தான் முடிவெடுப்பேன். கூரை உள்ள கார், வாரக்கடைசியில் போட்டியில்லாமல் சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டே, அவ்வப்போது ஒரு கிளாசிக் பந்தயம் என்றால், லேமினேட்டட் கிடைக்கிறவரை வேறு எதையும் யோசிக்க மாட்டேன். கடையில் இல்லாவிட்டாலும், பழைய கண்ணாடியை மாதிரியாக வைத்துத் தனியாக ஒன்றிரண்டு செய்து கொடுக்கிற கண்ணாடிக்காரர்கள் இருக்கிறார்கள், மெல்லிய தகட்டில், தேவைப்பட்டால் உள்ளே ஹீட்டர் கம்பியோடுகூட. பக்கத்துக்கும் பின்னுக்கும் பாலிகார்பனேட். லேமினேட்டட் எந்த வழியிலும் கிடைக்காவிட்டால், அல்லது மற்ற கார்களோடு உரசி ஓடும் பந்தயம் என்றால், இரண்டு பக்கமும் ஹார்டு கோட் போட்டு அச்சில் செய்த 5 அல்லது 6 மில்லிமீட்டர் பாலிகார்பனேட், பட்டைகளோடு, அதுவும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிடும் பொருள் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டு. கூரை இல்லாத கார், முன்னால் ஒரு குட்டிக் காற்றுத் தடுப்பு மட்டும்தான், அதற்கு மேலே தலையை நீட்டி ஹெல்மெட் வைசர் வழியாகத்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் அங்கே அக்ரிலிக்குக்கும் இடம் கொடுக்கலாம். 1950களின் ஜாகுவார் டி-டைப் மாதிரியான கார்களில் ஓட்டுநரைச் சுற்றி வளைந்து நின்றது பெர்ஸ்பெக்ஸ்தான், அந்தத் தோற்றம் வேண்டும் என்பவர்கள் மனதையும் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அங்கேயும் நான் பாலிகார்பனேட்டைத்தான் எடுப்பேன்.

காசு கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஓடப்போகும் வகுப்பின் விதிப்புத்தகத்தைப் படித்துவிடுங்கள். வரலாற்றுக் கார் பந்தயங்களுக்கு உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் அப்பெண்டிக்ஸ் கே என்ற விதித் தொகுப்பு இருக்கிறது, அதுபோக ஒவ்வொரு போட்டிக்கும் தனி விதிகள் உண்டு. சிலவற்றில் முன்னால் லேமினேட்டட்தான் வேண்டும், சிலவற்றில் குறிப்பிட்ட தடிமனுக்குக் குறையாத பிளாஸ்டிக் அனுமதி, சிலவற்றில் அந்தக் கார் அந்தக் காலத்தில் எப்படி ஓடியதோ அப்படியே. நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைத்துவிட்டு ஸ்க்ரூட்டினியில், அதாவது பந்தயத்துக்கு முந்தைய கார் பரிசோதனையில், திருப்பி அனுப்பப்படுவதைவிட ஒரு மாலை உட்கார்ந்து படிப்பது லேசு. இன்னொன்றையும் அப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்: சுற்றிலும் பாலிகார்பனேட் போட்டுவிட்டால் எதையும் சுத்தியலால் உடைத்து வெளியே வர முடியாது, உதவிக்கு ஓடிவரும் டிராக் பணியாளர்களான மார்ஷல்களாலும் உடைக்க முடியாது. கதவு இரண்டும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சுலபமாகத் திறக்க வேண்டும், பக்க ஜன்னலாவது ஒரே இழுப்பில் கழன்றுவர வேண்டும்.

அப்புறம், விரிசல் விட்ட அந்தப் பழைய கண்ணாடியைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். முழுசாகக் கழன்று வந்திருந்தால் ஓரமெல்லாம் டேப் ஒட்டி, கம்பளியில் சுற்றி, படுக்கப்போடாமல் நிமிர்த்தி வையுங்கள். கண்ணாடி செய்தாலும் பிளாஸ்டிக் செய்தாலும் அச்சுக்கு முதலில் கேட்கப்போவது அதைத்தான், ஃப்ரேமை மட்டும் அளந்து செய்த விண்ட்ஷீல்டு முதல் முறையிலேயே சரியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.